ஆய்வேட்டில் சட்டம், அரசாணை, அரசு அறிக்கைகளை மேற்கோள் காட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜல்லிக்கட்டு, ஊராட்சித் தேர்தல், கோயில் நிர்வாகம், குற்றப் பரம்பரைச் சட்டம் என்று மதுரை வட்டாரத்தில் எந்தத் தலைப்பை எடுத்து ஆய்வு செய்தாலும் ஒரு சட்டமோ அரசாணையோ குறுக்கே வந்துவிடும். நூலுக்கும் கட்டுரைக்கும் ஒழுங்காக மேற்கோள் போடுகிற மாணவர்கூட இந்த இடத்தில் தடுமாறுகிறார். நூலுக்கு ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என்று நான்கு கட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு ஆசிரியர் கிடையாது, பதிப்பகத்தை யாரும் கேட்பதில்லை, ஆண்டோ ஒன்றுக்கு இரண்டாக இருக்கும்.

ஆய்வேடுகளைத் திருத்தும் வேலையில் நான் பார்த்தவரை, பெரும்பாலான பிழைகள் காற்புள்ளி, அடைப்புக்குறியில் வருபவை அல்ல. வேலையின் வரிசை மாறுவதால் வருபவை. சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது டிடிபி கடையில் உட்கார்ந்துகொண்டு, "அந்த அரசாணை எண் என்ன?" என்று போனில் தேடுவார்கள். அதற்குள் அந்தத் தாள் எங்கே போனது என்றே தெரியாது. ஆகவே கீழே உள்ள வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள். மேற்கோள் வடிவம் இதில் ஏறக்குறையக் கடைசியாகத்தான் வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், உங்கள் துறை எந்த மேற்கோள் முறையைக் கேட்கிறது என்பதை நெறியாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சமூக அறிவியல் துறைகளில் ஏபிஏ, மொழித் துறைகளில் எம்எல்ஏ, வரலாற்றில் அடிக்குறிப்புடன் சிகாகோ, சட்டத்தில் புளூபுக் அல்லது ஆஸ்கோலா என்பது பொது வழக்கம். ஆனால் ஒரே கல்லூரியில் இரண்டு நெறியாளர்கள் இரண்டு விதமாகச் சொல்வதும் நடக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏபிஏ முறை சட்ட மேற்கோளுக்கு அமெரிக்க புளூபுக்கைப் பின்பற்றச் சொல்கிறது. அந்த மாதிரிகள் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் எண்களை வைத்து எழுதப்பட்டவை. நம் அரசாணைக்கு அங்கே நேரடி மாதிரி கிடைக்காது. அதனால் நீங்களே ஒரு அரைப்பக்க விதி எழுதி, நெறியாளரின் ஒப்புதலோடு முதல் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும். தேர்வாளர் ஒரு சிறு மாறுதலைப் பொறுத்துக்கொள்வார். அத்தியாயத்துக்கு ஒரு மாதிரி இருந்தால் பொறுக்க மாட்டார்.

இரண்டாவது, ஒரு எக்செல் தாள். ஆவண வகை, முழுப்பெயர், எண், ஆண்டு அல்லது நாள், துறை, அரசிதழ் விவரம், நீங்கள் பயன்படுத்திய பிரிவு, கிடைத்த இடம், பார்த்த நாள் என்று ஒன்பது பத்தி போதும். ஆவணத்தைத் திறந்த அந்த நேரத்திலேயே நிரப்பிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது திரும்ப வராது.

2. கையில் இருப்பது என்ன ஆவணம் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் "அரசு ஆணை" என்று ஒரே பையில் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஒவ்வொரு வகைக்கும் அடையாள விவரம் வேறு. சட்ட வலிமையும் வேறு. வகை தெரியாமல் அடுத்த படிக்குப் போனால், எந்த எண்ணைத் தேட வேண்டும் என்பதே தெரியாது.

ஜல்லிக்கட்டை எடுத்துக்கொள்வோம். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் பற்றி எழுதும் ஒருவர் குறைந்தது இத்தனை வகை ஆவணங்களைக் கடக்க வேண்டியிருக்கும்:

மத்தியச் சட்டம்: விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960 (59/1960). மாநிலச் சட்டம்: தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம், 2009 (தமிழ்நாடு சட்டம் 27/2009). உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்து 2014 மே 7 அன்று நாகராஜா வழக்கில் வந்தது. மத்திய அரசின் அறிவிக்கை: 2016 ஜனவரி 7. அவசரச் சட்டம்: 2017 ஜனவரி 21. சட்டமுன்வடிவு: பேரவையில் ஜனவரி 23 அன்று நிறைவேறியது. சட்டம்: ஜனவரி 31 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதன்கீழ் வந்த 2017-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு நடத்தும் விதிகள். அப்புறம் அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு: 2023 மே 18.

அவசரச் சட்டம், சட்டமுன்வடிவு, சட்டம் மூன்றும் பத்தே நாளில் வந்தவை. மூன்றையும் "2017 ஜல்லிக்கட்டுச் சட்டம்" என்று எழுதிவிடுகிறார்கள். மெரினாவிலும் தமுக்கத்திலும் கூடிய கூட்டம் கலைவதற்கு முன் இருந்தது எது, பின் வந்தது எது என்பதுதான் உங்கள் வாதமே என்றால், இந்தக் குழப்பம் வாதத்தையே சாய்த்துவிடும். இன்னொன்று: 2017 சட்டம் தனிச் சட்டம் அல்ல. 1960-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கு தமிழ்நாடு செய்த திருத்தம். ஆகவே பெயரிலேயே "(தமிழ்நாடு திருத்த)" என்பது வர வேண்டும்.

அவசரச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது அதையே சுட்டுங்கள். சட்டமுன்வடிவைச் சுட்டினால் அது எந்த நிலையில் இருந்தது (அறிமுகம், நிறைவேற்றம்) என்பதையும் சொல்லுங்கள். சட்டமுன்வடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்பதால், அதைச் சட்டம் என்று எழுதுவது வெறும் மேற்கோள் பிழையோடு நிற்காது.

3. மூல ஆவணத்தைத் தேடி எடுங்கள்

பத்திரிகைச் செய்தி, விக்கிப்பீடியா, போட்டித் தேர்வுக் கையேடு, வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் ஆகியவை வழி சொல்லலாம், மேற்கோளாக நிற்காது. செய்தியாளர் பிரிவு எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறு உங்கள் பெயரில் ஏறும்.

மத்தியச் சட்டங்களுக்கும் பெரும்பாலான மாநிலச் சட்டங்களுக்கும் இந்தியா கோட் தளம் இருக்கிறது. அங்கே கிடைப்பது திருத்தங்கள் சேர்த்த வடிவம். முதலில் வெளியான வடிவம் வேண்டுமென்றால் அரசிதழுக்குத்தான் போக வேண்டும். இந்திய அரசிதழில் சட்டங்கள் பகுதி 2, பிரிவு 1-இல் வரும். தமிழ்நாடு அரசிதழில் சட்டமுன்வடிவுகள் பகுதி 4, பிரிவு 1-இலும், சட்டங்களும் அவசரச் சட்டங்களும் பகுதி 4, பிரிவு 2-இலும் வரும். பல முக்கியமான சட்டங்கள் வாராந்தர இதழில் வராமல் சிறப்பிதழில் வந்திருக்கும். வாராந்தர இதழை மட்டும் புரட்டிவிட்டுக் "கிடைக்கவில்லை" என்று திரும்பி வருபவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள்.

தனியார் பதிப்பகங்கள் வெளியிடும் சட்டப் புத்தகங்கள் படிக்க வசதியானவை. மேற்கோளில் அந்தப் பதிப்பகத்தின் பெயரைப் போட வேண்டாம். அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவருடைய உரையையோ குறிப்பையோ எடுத்தாண்டால் மட்டும் அதை நூலாகச் சுட்டுங்கள்.

சுதந்திரத்துக்கு முந்தைய அரசாணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள் என்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான். துறைக் கடிதத்தோடு போக வேண்டும். ரயில் ஏறும் முன், வேண்டிய அரசாணைகளின் எண், துறை, நாள் மூன்றையும் இங்கேயே முடிந்தவரை சேகரித்துக்கொள்ளுங்கள். முன்னால் ஆய்வு செய்தவர்களின் அடிக்குறிப்புகள் இதற்கு நல்ல துணை. அங்கே போய்ப் பொதுவாகத் தேடலாம் என்று போனால் நாள் போவதே தெரியாது.

4. சட்டத்தின் முழு அடையாளத்தை எழுதுங்கள்

சட்டத்துக்கு மூன்று விவரம் கட்டாயம்: சுருக்கத் தலைப்பு, ஆண்டு, சட்ட எண். சுருக்கத் தலைப்பு என்பது நீங்கள் சுருக்குவது கிடையாது. பெரும்பாலும் சட்டத்தின் முதல் பிரிவே "இச்சட்டம் இவ்வாறு வழங்கப்பெறும்" என்று அதைச் சொல்லிவிடும். அங்கே உள்ளபடி எழுதுங்கள்.

எடுத்துக்காட்டு:

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 (தமிழ்நாடு சட்டம் 21/1994).

தமிழ்நாடு இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டம், 1959 (தமிழ்நாடு சட்டம் 22/1959).

சட்ட எண் எதற்கு? ஒரே பெயரில் அடுத்தடுத்து சட்டங்கள் வரும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் ஒன்று, 1911-இல் ஒன்று, 1924-இல் ஒன்று. பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று இச்சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது நடைமுறையில் இருந்தது 1911-ஆம் ஆண்டுச் சட்டம். 1871 சட்டத்தை அந்த நிகழ்வுக்கு மேற்கோள் காட்டிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். 1924 சட்டத்தைக் காட்டினால் அதைவிட மோசம், அது அப்போது பிறக்கவே இல்லை.

தலைப்பில் உள்ள ஆண்டும் சட்ட எண்ணில் உள்ள ஆண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973 என்பதன் எண் 2/1974. இதைப் பார்த்துப் பிழை என்று நினைத்து 2/1973 என்று "திருத்தி" விடுகிறவர்கள் உண்டு. திருத்தாதீர்கள்.

பழைய சட்டங்களில் எண் ரோமன் எழுத்தில் இருக்கும். உங்கள் விதித்தாளில் ரோமனா, அரபு எண்ணா என்று ஒன்றை முடிவு செய்து கொள்ளுங்கள். இரண்டும் ஏற்புடையவையே.

அடுத்தது மாநிலப் பெயர். 1969 ஜனவரி 14 முதல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. அதே ஆண்டு வந்த சட்டத் தழுவல் ஆணை, பழைய சட்டத் தலைப்புகளில் இருந்த "மதராஸ்" என்பதையும் "தமிழ்நாடு" என்று மாற்றியது. அதனால்தான் 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்துக்கு இன்று "தமிழ்நாடு" என்று தலைப்பு. இன்றைய சட்ட நிலையைப் பேசுகிற ஆய்வேட்டில் இன்றைய தலைப்பு சரி. வரலாற்று ஆய்வேட்டில் அந்தக் காலத் தலைப்பையே கொடுத்து, முதல் முறை மட்டும் அடிக்குறிப்பில் இன்றைய பெயரைச் சொல்லலாம். மீனாட்சி அம்மன் கோயில் ஆலய நுழைவு நடந்தது 1939 ஜூலை 8. அதைத் தொடர்ந்து வந்தது முதலில் அவசரச் சட்டம், பிறகு மதராஸ் சட்டம் XXII/1939. அந்த அத்தியாயத்தில் போய் "தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியது" என்று எழுதினால் படிக்கிறவருக்கு உறுத்தும்.

பிறகு பெயர் மாறிய சட்டங்களும் இப்படித்தான். நூறு நாள் வேலைக்கான சட்டம் 2005-இல் வந்தபோது (42/2005) அதன் தலைப்பில் மகாத்மா காந்தி பெயர் இல்லை. அது 2009 திருத்தத்தில் சேர்ந்தது. 2008-இல் உசிலம்பட்டி ஒன்றியத்தில் நடந்த வேலையைப் பற்றி எழுதும்போது எந்தப் பெயர் சரி என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

5. எந்த நாளில் இருந்த வடிவம் என்று பாருங்கள்

சட்டம் இயற்றிய ஆண்டு, நடைமுறைக்கு வந்த நாள், திருத்திய ஆண்டு மூன்றும் வெவ்வேறு. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தச் சட்டத்தின் தலைப்பில் 1992 இருக்கும். நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. கல்வி உரிமைச் சட்டம் 2009 (35/2009). நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. மேற்கோளில் தலைப்பின் ஆண்டை எழுதுங்கள். "இதன் பிறகு நிலைமை மாறியது" என்று வாதிடும் வாக்கியத்தில் நடைமுறைக்கு வந்த நாளை எழுதுங்கள்.

திருத்தம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. பெண் ஊராட்சித் தலைவர்கள் பற்றிய ஆய்வு மதுரையில் நிறைய வருகிறது. 1994 சட்டத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு இருந்தது. 2016 திருத்தத்தில் அது 50 விழுக்காடு ஆனது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006-இல் நடந்த தேர்தலைப் பேசும்போது இந்தியா கோட்டில் இருந்து இன்றைய வடிவத்தை எடுத்து ஒட்டினால், அன்றைக்கு இல்லாத விதி அன்றைய தேர்தலுக்குப் போய்விடும். 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலுக்கு வந்தால் கதை வேறு.

திருத்தப்பட்ட பிரிவை இப்படி எழுதலாம்: "தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 (தமிழ்நாடு சட்டம் 21/1994), 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி". திருத்துவதற்கு முந்தைய நிலை என்றால் "2006-இல் இருந்தவாறு".

தண்டனைச் சட்டங்களில் இப்போது இது அன்றாடச் சிக்கல். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் (45/1860) இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, 2023 (45/2023) வந்துவிட்டது. எண் 45 இரண்டுக்கும் பொது. இது தற்செயல்தான் என்றாலும், எக்செல் தாளில் ஆண்டு இல்லாமல் "45" என்று குறித்தவர் மாட்டிக்கொள்வார். அந்த நாளுக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டத்தின் பிரிவையே காட்டுங்கள். புதிய பிரிவு எண்ணைப் பக்கத்தில் அடைப்பில் தரலாம். பழையதை அழித்துவிட்டு எழுதக் கூடாது.

6. பக்க எண்ணை விட்டுப் பிரிவைச் சுட்டுங்கள்

ஒரே சட்டம் அரசிதழில் ஒரு பக்கத்திலும், இணையத்தில் வேறு பக்கத்திலும், தனியார் பதிப்பில் மூன்றாவது பக்கத்திலும் இருக்கும். பிரிவு எண் எங்கும் மாறாது. அதனால் "பக். 14" என்று எழுத வேண்டாம்.

உட்பிரிவு, கூறு வரை போங்கள். தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பேசுகிறவர் "கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 12" என்று நிறுத்தினால் போதாது. பிரிவு 12(1)(இ) என்று எழுத வேண்டும். தமிழில் எழுதும்போது கூறு எழுத்துகளை ஆங்கில வரிசைக்கு (சி) என்று போடுவதா, தமிழ் வரிசைக்கு (இ) என்று போடுவதா என்பதை விதித்தாளில் முடிவு செய்து கொள்ளுங்கள். இரண்டும் கலந்தால் தேடுகிறவர் வேறு கூறில் போய் நிற்பார்.

சட்டத்தில் பிரிவு, விதிகளில் விதி, அரசியலமைப்பில் உறுப்பு. அரசியலமைப்புக்குச் சட்ட எண் தேட வேண்டாம். "இந்திய அரசியலமைப்பு, உறுப்பு 243-டி" என்பதே முழு மேற்கோள். வரம்புரையில் (பிரிவுக்கு விலக்கோ நிபந்தனையோ சொல்லும் பகுதி) உள்ளதை மேற்கோள் காட்டினால் "வரம்புரை" என்றும் சேருங்கள். பிரிவு சொல்வதற்கு நேர் எதிரானதை வரம்புரை சொல்லியிருக்கக்கூடும்.

7. அரசாணையை மேலிருந்து கீழ்வரை படித்துக் குறியுங்கள்

அதிகம் பிழை வருவது இங்கேதான். ஒரு அரசாணையின் முதல் பக்கத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே "சுருக்கம்" என்ற தலைப்பில் பொருள் ஓரிரு வரியில் இருக்கும். இதுதான் உங்களுக்குத் தலைப்பு. அதன் கீழே துறையின் பெயர். அடைப்புக்குறிக்குள், துறைக்குள் இருக்கும் அலுவலகப் பிரிவின் குறி. அடுத்து அரசாணை வகையும் எண்ணும்: (நிலை), (வாலாயம்), (டி), (2டி) என்று ஏதாவது ஒன்று. பக்கத்தில் நாள். அதன் கீழே தமிழ் ஆண்டு, மாதம், திருவள்ளுவர் ஆண்டு. மேற்கோளுக்கு ஆங்கில நாளே போதும். பிறகு "படிக்க" என்று முந்தைய ஆணைகள், கடிதங்களின் பட்டியல். அதற்குப் பிறகுதான் "ஆணை". முடிவில் "ஆளுநரின் ஆணைப்படி" என்று துறைச் செயலாளரின் பெயர். அதற்கும் கீழே, பெறுநர் பட்டியல் முடிந்து, நகலை அனுப்பிய பிரிவு அலுவலரின் கையெழுத்து.

இதில் நான்கு இடத்தில் வழுக்குகிறார்கள்.

முதலாவது, துறையை விட்டுவிடுவது. ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே "அரசாணை எண் 118" என்றால், தெருப் பெயர் இல்லாத கதவு எண் மாதிரி. எந்த மாசி வீதியில் போய்த் தட்டுவது? வகைக் குறியும் அப்படித்தான்: (நிலை) 118-ம் (டி) 118-ம் வேறு வேறு ஆணைகள்.

இரண்டாவது, "படிக்க" பட்டியலில் உள்ள பழைய ஆணையின் எண்ணை எடுத்து எழுதிவிடுவது. ஸ்கேன் மங்கலாக இருந்தால் இது சுலபமாக நடக்கும். மேலே உள்ள எண்தான் இந்த ஆணையின் எண். பட்டியலில் உள்ள பழைய ஆணையும் உங்கள் வாதத்துக்கு வேண்டும் என்றால், அதையும் தனியாகத் தேடிப் படித்துவிட்டுச் சுட்டுங்கள்.

மூன்றாவது, செயலாளரையோ பிரிவு அலுவலரையோ ஆசிரியர் ஆக்கிவிடுவது. ஆசிரியர் இடத்தில் "தமிழ்நாடு அரசு" வரும், அடுத்து துறை. கையெழுத்திட்டவர் பெயர் மேற்கோளில் வராது.

நான்காவது, துறையின் இன்றைய பெயரைப் போடுவது. தகுதியும் பயிற்சியும் உள்ள இந்து எவரும் அர்ச்சகராகலாம் என்ற 2006-ஆம் ஆண்டு ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது. மீனாட்சி அம்மன் கோயில் அர்ச்சகர்களும் மனுதாரர்களாக இருந்தார்கள். அந்த ஆணையை இப்படிச் சுட்டலாம்:

தமிழ்நாடு அரசு, தமிழ் வளர்ச்சி, பண்பாடு மற்றும் அறநிலையத் துறை, அரசாணை (நிலை) எண் 118, நாள் 23.05.2006.

அன்றைக்கு அறநிலையம் இருந்த துறையின் பெயர் அது. இன்று அந்தப் பெயரில் துறை கிடையாது. இருந்தாலும் ஆணையில் அச்சான பெயரைத்தான் எழுத வேண்டும். அந்தப் பெயரில்தான் ஆவணக் காப்பகத்திலும் கோப்பு இருக்கும். அதே ஆண்டு இந்த விஷயத்துக்கு அறநிலையச் சட்டத்தின் 55-ஆவது பிரிவைத் திருத்தி ஒரு அவசரச் சட்டமும் வந்தது. ஆணையைச் சொல்லும் இடத்தில் சட்டத்தையோ, சட்டத்தைச் சொல்லும் இடத்தில் ஆணையையோ காட்டாதீர்கள்.

இணைப்புப் பட்டியலில் இருந்து தகவல் எடுத்தால் "இணைப்பு 2, வரிசை எண் 7" என்று இறங்கிப் போங்கள். ஆணைப் பகுதி என்றால் பத்தி எண்.

மாவட்ட ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலர் போன்றோர் அனுப்புவது அரசாணை ஆகாது. அது செயல்முறைகள் அல்லது சுற்றறிக்கை. அதற்கு "ந.க.எண்" என்று தொடங்கும் கோப்பு எண் இருக்கும், அதன் வாலில் ஆண்டும், "அ1", "சி3" போன்ற பிரிவுக் குறியும் தொங்கும். முழுவதையும் அப்படியே எழுதுங்கள். அந்த வாலை வெட்டினால் அலுவலகத்தில் கோப்பைத் தேடித் தர முடியாது. இந்த ஆவணங்கள் பெரும்பாலும் இணையத்தில் இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாங்கியது என்றால் அந்தப் பதில் கடிதத்தின் எண்ணையும் நாளையும் சேர்த்துச் சொல்லி, நகலைப் பின்னிணைப்பில் வையுங்கள்.

8. அறிக்கை, கணக்கெடுப்பு, கொள்கை விளக்கக் குறிப்பு

இவை ஓரளவு நூலைப் போன்றவை. ஆசிரியர் இடத்தில் நிறுவனமோ ஆணையமோ வரும். "மண்டல் அறிக்கை" என்று உரைநடையில் எழுதலாம். பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம், 1980 என்றுதான் வர வேண்டும்.

துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளுக்கு மானியக் கோரிக்கை எண்ணும் நிதியாண்டும் முக்கியம். சட்டப்பேரவை நடவடிக்கைக் குறிப்புகளுக்குத் தொகுதி, எண், நாள், பக்கம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "சென்சஸ் 2011" என்று மட்டும் எழுதி நிறுத்துவது பரவலான பழக்கம். எந்தத் தொகுதி என்று தெரியாவிட்டால் அந்த எண்ணைச் சரிபார்க்க வழியில்லை. "இந்தியக் கணக்கெடுப்பு 2011, மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு: மதுரை" என்று நூலின் பெயரையும், அட்டையில் உள்ள வரிசை எண், பகுதி எண்ணையும் எழுதுங்கள். 2011-இன் இறுதிக் கணக்குப்படி மதுரை மாவட்ட மக்கள்தொகை 30,38,252. அதற்கு முன் வந்த தற்காலிகக் கணக்கின் எண் வேறு. இரண்டு அத்தியாயத்தில் இரண்டு எண் இருந்தால், எங்கோ தற்காலிகக் கணக்கு நுழைந்துவிட்டது என்று பொருள்.

பழைய கணக்கெடுப்போடு ஒப்பிடும்போது எல்லையையும் பாருங்கள். 1981-இல் மதுரை மாவட்டம் என்றால் திண்டுக்கல்லும் தேனியும் சேர்ந்தது. 1991-இல் திண்டுக்கல் பிரிந்துவிட்டது, தேனி இருந்தது. மேற்கோளில் "அன்றைய மதுரை மாவட்டம்" என்ற சொற்களைச் சேர்க்காவிட்டால், மக்கள்தொகை திடீரென்று சரிந்ததாக ஒரு வரைபடம் போட்டுவிடுவீர்கள்.

9. தீர்ப்புகள்

வழக்கின் பெயர், ஆண்டு, தீர்ப்புத் தொகுப்பும் அதன் தொகுதி எண்ணும், பக்கம். நாகராஜா வழக்கு: இந்திய விலங்குகள் நல வாரியம் எதிர் ஏ. நாகராஜா, (2014) 7 எஸ்சிசி 547. எஸ்சிசி என்பது "சுப்ரீம் கோர்ட் கேசஸ்" என்ற தீர்ப்புத் தொகுப்பு. தொகுப்பில் வராத உயர் நீதிமன்ற உத்தரவு என்றால் வழக்கு எண்ணும் உத்தரவு நாளும். மதுரைக் கிளையின் வழக்கு எண்ணில் (எம்டி) என்ற குறி இருக்கும். அதை விட்டால் அதே எண் கொண்ட சென்னை வழக்குக்குப் போய்விடும். 2004 ஜூலையில்தான் இந்தக் கிளை தொடங்கியது. அதற்கு முந்தைய மதுரை வழக்குகளில் இந்தக் குறியைத் தேட வேண்டாம்.

10. எந்த மொழி வாசகம் என்று சொல்லுங்கள்

தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர் சட்டத்தின் வாசகத்தை மேற்கோள் குறிக்குள் போட்டால், அது அரசின் தமிழ் வாசகமா, தன் மொழிபெயர்ப்பா என்று சொல்லியே ஆக வேண்டும். அரசியலமைப்பின் உறுப்பு 348-இன்படி சட்டங்களுக்கு ஆங்கில வாசகமே அதிகாரபூர்வமானது. மாநிலச் சட்டம் வேறு மொழியில் இயற்றப்பட்டாலும், அரசிதழில் வரும் ஆங்கில மொழிபெயர்ப்புதான் அதிகார வாசகம். மத்தியச் சட்டங்களுக்கு, 1973-ஆம் ஆண்டின் அதிகார வாசகங்கள் சட்டத்தின்கீழ் (50/1973) குடியரசுத் தலைவரின் அதிகாரத்தோடு வெளியான தமிழ் வாசகம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மொழிபெயர்த்து, "மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது" என்று அடிக்குறிப்பு போடுங்கள். நுணுக்கமான பிரிவு என்றால் ஆங்கில மூலத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள். வாய்மொழித் தேர்வில் யாராவது ஒரு சொல்லைப் பிடித்துக் கேட்டால் மூலம் கையில் இருக்கும்.

11. இப்போது வடிவத்துக்கு வாருங்கள்

எக்செல் தாள் நிரம்பிவிட்டது என்றால் இது அரை நாள் வேலை.

உரைநடையில் முதல் முறை முழுப் பெயர், எண்ணோடு. அங்கேயே "இனி ஊராட்சிகள் சட்டம்" என்று சுருக்கி வைத்துவிட்டால் பிறகு "ஊராட்சிகள் சட்டம், பிரிவு 3" போதும். புதிய அத்தியாயம் தொடங்கும்போது ஒரு தடவை முழுப் பெயரைத் திரும்பக் கொடுப்பது நல்லது. தேர்வாளர்கள் அத்தியாயங்களை வரிசையாகப் படிப்பதில்லை.

அடிக்குறிப்பில் பிரிவு வரை இறங்குங்கள். இறுதிப் பட்டியலில் பிரிவு வேண்டாம், சட்டத்தோடு நிறுத்துங்கள். பட்டியலில் சட்டங்கள், அரசாணைகள், அறிக்கைகள், தீர்ப்புகளை முதன்மை ஆதாரங்கள் என்ற தலைப்பின்கீழ் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். நூல்களோடு கலந்து அகர வரிசையில் அடுக்கினால் "தமிழ்நாடு" என்று தொடங்கும் நாற்பது வரிகள் வரிசையாக நிற்கும். யாருக்கும் எதுவும் கிடைக்காது. சட்டங்களை ஆண்டு வரிசையிலும், அரசாணைகளைத் துறைவாரியாகப் பிரித்து நாள் வரிசையிலும் அடுக்குவது என் விருப்பம். உங்கள் கல்வித் துறையின் விதி வேறு சொன்னால் அதுவே செல்லும்.

மென்டலே, சொட்டேரோ போன்ற மென்பொருள்களை நூல்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசாணைக்கு அவற்றில் பொருத்தமான கட்டம் கிடையாது. "அறிக்கை" என்று ஏற்றினால் துறை பதிப்பகமாகவும், எண் தொகுதியாகவும் மாறிப் போகும். கையால் தட்டுவதே விரைவு.

இணையத்தில் எடுத்தது என்றால் தளத்தின் பெயரும் பார்த்த நாளும் சேருங்கள்; முகவரியை மட்டும் நம்பாதீர்கள். அரசுத் தளங்களின் முகவரி மாறிக்கொண்டே இருக்கிறது. இறக்கிய பிடிஎஃப்பை "1994_சட்டம்21_ஊராட்சிகள்" என்பது போல ஆண்டும் எண்ணும் வரும்படி பெயரிட்டு ஒரே கோப்புறையில் வையுங்கள்.

12. ஒப்புமைச் சோதனைக்கு அனுப்பும் முன்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி 10 விழுக்காடு வரையான ஒப்புமைக்கு (பிறர் எழுத்தோடு உங்கள் வாசகம் ஒத்துப்போகும் அளவு) நடவடிக்கை இல்லை. சட்ட வாசகங்களை நிறைய எடுத்தாண்டவர்களுக்கு முதல் சோதனையில் இதைத் தாண்டிய எண் வந்து வயிற்றைக் கலக்கும். உடனே பிரிவுகளைச் சொந்த நடையில் மாற்றி எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அது தேவையில்லை, ஆபத்தும்கூட: "செய்யலாம்", "செய்ய வேண்டும்" என்ற ஒரு சொல் மாறினால் சட்டத்தின் பொருளே மாறும்.

அதே ஒழுங்குமுறைகள், மூலத்தைச் சுட்டி மேற்கோளாகக் காட்டிய பகுதிகளையும், நூற்பட்டியலையும், சட்டங்களையும் கணக்கிலிருந்து விலக்கச் சொல்கின்றன. ஆகவே வாசகத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு, நீளமானால் உள்தள்ளி, பிரிவு எண்ணோடு நிறுத்துங்கள். சோதனை செய்யும் நூலகரிடம் மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் விலக்கும் அமைப்பைப் போட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். மேற்கோள் குறி இல்லாமல் உரைநடைக்குள் கரைத்துவிட்ட பிரிவுகளை மென்பொருள் சட்டம் என்று கண்டுகொள்ளாது. அவற்றை மட்டும் தேடிப் பிடித்துக் குறி போட்டுவிட்டு அனுப்புங்கள்.